‘நல்லா ரிலாக்ஸா இருக்காங்க’

சுருளக்கா வேலை பார்த்தது ஒரு மெத்தைத் தொழிற்சாலையில். ஊருக்கெல்லாம் ஓய்வு விற்கும் அந்த இடத்தில், வேலை செய்பவர்கள் உட்கார ஒரு முக்காலி கூடக் கிடையாது. வாசலில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதில் ஒரு பெண் மெத்தையில் சாய்ந்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கீழே ‘ரிலாக்ஸ்’ என்று ஒற்றைச் சொல்.

"இவ ஒருத்தி படுக்கணும்னு நாம இத்தன பேர் நிக்கிறோம். என்னைக்காவது எந்திரிச்சு, ‘வாங்கடி, கொஞ்ச நேரம் மாத்திக்கலாம்’னு சொல்றாளா பாரு" என்று அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் சுருளக்கா சொல்வாள். கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள்.

மெத்தைக்குள் வைக்கும் கம்பிச் சுருள்களைச் சோதிப்பது அவள் வேலை. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சுருளை எடுத்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, பாதி உயரத்துக்கு அமுக்கி, திருகாணியை முடுக்கிச் சூடான அலமாரிக்குள் விட்டுவிடுவாள். மறுநாள் எடுத்து, அதே உயரத்தில் இருக்கும் சுருள் இப்போது எவ்வளவு விசையோடு தகட்டைத் தள்ளுகிறது என்று பார்ப்பாள். நல்ல கம்பி என்றால் கிட்டத்தட்ட முதல் நாள் தள்ளிய அளவுக்கே தள்ளும். மட்டமான கம்பி தள்ளுவதைக் குறைத்திருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதே உயரம், அதே பளபளப்பு. உள்ளே மட்டும் எதிர்ப்பு போயிருக்கும்.

இதற்குத் தொழிற்சாலைப் பொறியாளர் சொன்ன பெயரும் ரிலாக்ஸ் ஆவதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "கம்பிக்குக் கூடவா சார் லீவு விடுறீங்க?"

அவர் நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். அது ஓய்வு இல்லை. ஓயாமல் அமுக்கப்பட்ட பொருள், வடிவம் மாறாமலேயே, திருப்பித் தள்ளுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிறது. அறிவியலில் அதைத்தான் தளர்வு என்கிறோம் என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள்.

அவளுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. சாப்பிட்ட அரை மணிக்கெல்லாம் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவாள். "பேருக்கு ஏத்த வியாதி" என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார்கள். எங்கே செய்வது என்ற கேள்வியே எழவில்லை. அக்காக்காரி ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

இந்த அக்காக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா சீக்கிரம் போய்விட்ட வீடு அது. தங்கைக்குத் தலை வாரிப் பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்கு அம்மா இடத்தில் வந்து கையெழுத்துப் போட்டதும், காய்ச்சல் வந்தால் ஈரத்துணி போட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவள்தான். சுருளக்கா யாருக்கும் பயப்படமாட்டாள். ஆனால் எதற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள்.

"எங்கயோ போய் எவன்கிட்டயோ வயித்தக் காட்டணுமா? நான் இருக்கேன்ல" என்றாள் அக்காக்காரி. "நான் பக்கத்துலயே நிப்பேன்டி."

"கல்லு எவ்ளோ பெருசுக்கா?"

"உன் மூளைய விடக் கொஞ்சம் பெருசு."

"அப்போ ரெண்டையும் சேத்தே எடுத்துடச் சொல்லு. வேலைக்குப் போகாம இருக்கலாம்."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது மயக்க மருத்துவர் குனிந்து, "பயப்படாதீங்கம்மா, ரிலாக்ஸா இருங்க" என்றார். மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தது. சர்ஜனுக்கு மனம் லேசானால்தான் கை நடுங்காதாம். இசை இல்லாமல் கத்தியைத் தொடமாட்டார். அந்த இசைக்கு இடைஞ்சலாக எந்தக் கருவியும் கூவக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. அதனால், தினமும் காலையில் அறையைத் தயார் செய்யும்போது எச்சரிக்கை ஒலிகளையெல்லாம் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைத்து வைப்பது அந்தத் தியேட்டரின் வழக்கம். குறைத்து வைப்பவள் அக்காக்காரி. ஒருவர் காதுக்குச் சுகம் வேண்டும் என்பதற்காக ஓர் உயிரின் காவலை ஊமையாக்கி வைத்த இந்த வழக்கத்தை அங்கே படித்தவர் யாரும் கேள்வி கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைப் புரிந்துகொள்ள, மயக்கம் தருவது ஒரே மருந்தல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஊசியில் ஒரு தூக்க மருந்து. அது சில நிமிடத்தில் இறங்கிவிடும். அதற்குள், மூச்சுக் குழாய் வழியாக ஆவியாகப் போகும் மயக்க மருந்து வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் மூளைக்கு. மூன்றாவதாக ஒன்று உண்டு, அது தசைக்கு. வயிற்றுத் தசை இறுகாமல் இருக்க, உடம்பின் தசைகளை மொத்தமாகச் செயலிழக்க வைக்கும் மருந்து. விரலை அசைக்க முடியாது, இமையை அசைக்க முடியாது, மூச்சையே இயந்திரம்தான் விட வேண்டும். ‘மஸில் ரிலாக்ஸன்ட்’ என்ற அதன் பெயரிலும் ரிலாக்ஸ் இருக்கிறது. ஆனால் அது தூங்க வைக்காது. வலியைத் தொடாது. கத்த முடியாமல் மட்டும் செய்யும்.

அன்று ஊசி மருந்து போனது. தசை மருந்து போனது. ஆவி மருந்து நிரப்பும் குப்பி காலியாக இருந்தது. முந்தைய ஆபரேஷனோடு தீர்ந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கூவ வேண்டிய கருவி கூவிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் விடவில்லை.

சுருளக்கா விழித்துக்கொண்டாள்.

இருட்டு. இமைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். இசை கேட்டது. முடிந்துவிட்டது போல என்று முதலில் நினைத்தாளாம். அப்புறம் தொப்புள் பக்கத்தில் கத்தி இறங்கியது.

அதை அவள் எனக்குச் சொன்னபோது, வலியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "வலிய விடுங்க. கத்தணும்னு நெனைக்கிறேன், தொண்டை இல்ல. கைய ஒதறணும்னு நெனைக்கிறேன், கை இல்ல. செத்துட்டேன், ஆனா சாகலன்னு தோணுச்சு" என்றாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தன் சதையே தனக்காக ஆடாமல் கிடந்தது.

காது மட்டும் திறந்திருந்தது. சர்ஜன் தன் புதுக் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "பார்க்கிங்ல எவனோ கதவுல நீளமா கோடு போட்டுட்டுப் போயிட்டான். பாத்ததும் வயிறு எரிஞ்சிடுச்சு."

அப்போது பக்கத்தில் அக்காவின் குரல். "டாக்டர், பல்ஸ் ரொம்ப ஏறுது. கண்ணுல தண்ணி வருது பாருங்க."

அந்த நொடியில் தனக்கு உயிர் வந்தது என்றாள் சுருளக்கா. அக்கா பார்த்துவிட்டாள். இனி எல்லாம் நின்றுவிடும்.

மயக்க மருத்துவர் சொன்னார்: "அதெல்லாம் சகஜம். அசைவே இல்லையே. நல்லா ரிலாக்ஸா இருக்காங்க."

அக்காக்காரி பஞ்சுத் துணியை எடுத்து, காதுப் பக்கம் வழிந்த கண்ணீரைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான். வேலை தொடர்ந்தது. இன்னும் எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் மயக்க மருத்துவர், தனக்குத்தானே பேசுவதுபோல, "அடச்சே, இது காலியால்ல இருக்கு" என்றது கேட்டது. ஏதோ நிரப்பும் சத்தம். பிறகு நிஜமாகவே தூங்கிப்போனாள்.

கல் வெளியே வந்தது. தூக்கம் போனது.

மல்லாந்து படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண் அசருவாள். பணியாளர் விலையில் வாங்கிப் போட்டிருந்த மெத்தையில் பஸ் டிரைவரான புருஷன் மட்டும் தனியாகப் படுத்தான். "எனக்குத்தான் நடந்தது எல்லாம் காதுல விழுந்துச்சே" என்று அவள் சொன்னால், "மயக்கத்துல கனவு வரும்மா. டாக்டர் பொய் சொல்லுவாரா?" என்பான். எதிர்வீட்டுக்காரி வேறு மாதிரிச் சொன்னாள்: ஏதோ ஆவி உள்ளே புகுந்திருக்கிறது, ஓட்டிவிட வேண்டும் என்று. புகுந்திருக்க வேண்டிய ஆவி புகாததுதான் அங்கே நடந்த கோளாறு. அதைச் சொன்னால் இவர்களுக்குப் புரியாது. பேய் என்றால் நம்புவார்கள், காலிக் குப்பி என்றால் நம்பமாட்டார்கள்.

சுருளக்கா முதலில் அக்காவிடம்தான் போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். அக்காக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முழுக்கக் கேட்டாள். கடைசியில், "உடம்பு தேறட்டும்டி. மனசப் போட்டு ஒழப்பிக்காத. எங்க ஆஸ்பத்திரியிலயே ரிலாக்ஸேஷன் கிளாஸ் இருக்கு, நான் சேத்து விடுறேன்" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அக்கா தன்னை நம்புகிறாள் என்றே தங்கை எடுத்துக்கொண்டாள்.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போனாள். இளம்பெண் ஒருத்தி தேன் தடவிய குரலில் பேசினாள். "கண்ண மூடிக்கோங்க. கால் விரலத் தளர விடுங்க. இப்ப முழங்கால். உங்க கை ரொம்ப கனமா இருக்கு. தூக்கணும்னு நெனச்சாலும் தூக்க முடியாது..."

சுருளக்கா அலறிக்கொண்டு எழுந்தாள். பாயை உதறிவிட்டுச் செருப்புப் போடாமல் தெரு வரைக்கும் ஓடிவிட்டாள்.

நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று மருத்துவமனை சொன்னது. அதைக் கேட்டபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை இருந்தது பயம். "என்னைக் கிழிச்சப்ப நல்லா ஒத்துழைச்சேனே, அது போதாதா?" என்றாள். புகார் கொடுத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நான் விழித்திருந்தேன், அது நடந்தது என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். நஷ்டஈடு வேண்டாம் என்று சொன்னதும், இது என்ன வகைப் பைத்தியம் என்பதுபோல் பார்த்தார்களாம்.

விசாரணை மருத்துவமனையின் மேல்மாடியில் நடந்தது. வழக்கைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதே மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவர்கள். நீண்ட மேசை, குளிர்ந்த அறை. நடுவே இருந்த தலைமை மருத்துவர், "தண்ணி குடிங்கம்மா. அவசரமில்ல. ரிலாக்ஸாவே பேசலாம்" என்றார்.

அவள் பேசினாள். இசை, கத்தி, கண்ணீர், காலி. கார்க் கதவில் விழுந்த கோட்டைச் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சர்ஜன் தன் விரல்களைப் பார்த்தார். மயங்கிக் கிடந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும்.

மயக்க மருத்துவர்தான் சமாளித்தார். "அந்தக் கார் கதை ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். இவங்க அக்கா நம்ம ஸ்டாஃப்தான். வீட்டுல பேசிக்கிட்டிருப்பாங்க."

அக்காக்காரியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சீருடையில் வந்து நின்றாள். தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு சாட்சி தேவையில்லை. உலகத்தில் அவளுக்கு இருந்ததே இந்த ஒரு சாட்சிதான்.

"ஆபரேஷன் அப்போ உங்க தங்கச்சி எப்படி இருந்தாங்க?"

"நல்லாத் தூங்கிட்டு இருந்தா சார்."

"கார் விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அக்காக்காரி ஒரு நொடிதான் தயங்கினாள். "நான்தான் சொல்லியிருப்பேன் சார்."

மறுத்தது ஒரு துரோகம். கேட்காமலே அவர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்தது இன்னொன்று. தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். அதே முகம். தலை பின்னிவிட்ட அதே அக்கா. எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

பத்து நிமிடம் வெளியே இருங்கள், முடிவு சொல்கிறோம் என்றார்கள். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். பேச்சை ஆரம்பித்தது அக்காக்காரிதான். குரல் குசுகுசுவென்று வந்தது.

"என்னை அப்படிப் பாக்காதடி. அலாரம் சத்தத்தக் கொறச்சு வெச்சது நான். இது வெளிய வந்தா அவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது. மொத கழுத்து என்னோடதுதான். நேத்தே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க."

"அப்போ நான் முழிச்சிருந்தது உனக்குத் தெரியும்."

அக்காக்காரி விசாரணை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, உன்னத்தான் கேக்குறேன். தெரியுமா?"

"தெரியும்டி."

"எப்பருந்து?"

அக்காக்காரி குழாயைத் திறந்தாள், மூடினாள். "கண்ணத் தொடைக்கும்போதே."

சுருளக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா. இத உள்ள வந்து சொல்லு. இந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லு. வேற எதையும் கேக்கமாட்டேன். ஜென்மத்துக்கும் கேக்கமாட்டேன்." இழுத்துக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினாள். "சார், இப்ப எங்கிட்ட சொன்னா. தெரியும்னு சொன்னா. கேளுங்க இவள!"

எல்லோரும் அக்காக்காரியைப் பார்த்தார்கள். அவள் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். தங்கையின் தோளைச் சுற்றி ஆதரவாக அணைத்தாள்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல சார். தப்பா எடுத்துக்காதீங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

முடிவு அன்றே வந்தது. மருந்தின் விளைவாகத் தோன்றிய கனவு.

அக்காக்காரியின் மீது கோபப்படுவது எளிது. நானும் படுகிறேன். ஆனால் தவறைச் செய்தவர் ஒருவர், ஒலியைக் குறைக்க உத்தரவு போட்டவர் இன்னொருவர், கழுத்தை நீட்ட வேண்டியவள் மட்டும் சீருடை போட்ட நர்ஸ் என்று அமைத்து வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு அவளை மட்டும் திட்டினால், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாம் செய்யும் உபகாரம் அது. பயமுறுத்தி வாங்கிய பொய்யில் பயமுறுத்தியவனுக்குத்தான் பெரிய பங்கு. இதையெல்லாம் சுருளக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா என் கண்ணத் தொடச்சது அந்த மேசை இல்லையே" என்றாள்.

வீட்டில் புருஷனும் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "உங்க அக்காவே சொன்னதுக்கப்புறம் என்னம்மா இருக்கு? மறந்துட்டு ரிலாக்ஸா இரு." அவள் அக்காவின் வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அக்கா வந்தால் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் சரி. தொப்புள் பக்கத்துத் தழும்பு புடைத்துக்கொண்டது. இருமினால் உள்ளிருந்து குடல் முட்டியது. தைத்தாக வேண்டும், இன்னொரு ஆபரேஷன் என்றார்கள். பல மாதம் தள்ளிப் போட்டாள். தாங்க முடியாமல் போனபோது, நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள்.

அங்கே மயக்க மருத்துவர் ஒரு பெண். நடுத்தர வயது, கரகரத்த குரல். சுருளக்கா நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள், நம்பாவிட்டால் உடனே கிளம்பிவிடும் தோரணையில். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நடக்கும்மா. நடக்கவே கூடாது, ஆனா நடக்கும். நான் நம்புறேன்."

இத்தனை நாள் கேட்க ஏங்கிய சொல்லை, முன்பின் தெரியாத ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடி சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சுருளக்காவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இது இவ்வளவு சுலபமான வார்த்தையா?

"உங்களுக்கு எப்படி வசதி? முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழயும் வயித்துலயும் வலி தெரியாது. முழிச்சே இருக்கலாம். பேசலாம், கைய ஆட்டலாம்."

"தசைய நிறுத்துற மருந்து?"

"வேண்டியதில்ல."

"அப்போ முழிச்சே இருக்கேன்."

அன்று காலை அவளை உள்ளே கொண்டுபோகும்போது, நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். "உங்க அக்கான்னு ஒருத்தங்க வெளிய நிக்கிறாங்க. அவங்களும் தியேட்டர் நர்ஸாம். உள்ள பக்கத்துல நின்னுக்கட்டுமான்னு கேக்குறாங்க."

புருஷன் சொல்லியிருக்க வேண்டும்.

"வேணாம்."

"அழுறாங்க."

"தொடச்சுக்கச் சொல்லுங்க" என்றாள் சுருளக்கா. கதவு மூடியது.

முதுகில் ஊசி இறங்கியது. கால்கள் மரத்தன. நெஞ்சுக்குக் கீழே ஒரு துணித் திரை கட்டினார்கள். மயக்க மருத்துவர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "எப்ப வேணாலும் சொல்லுங்க, நிறுத்திடுவோம்" என்றார். யாரும் அவளை ரிலாக்ஸா இருக்கச் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் வேலை ஆரம்பித்தது. வலி இல்லை. யாரோ துணியை அழுத்தி இழுப்பதுபோல் மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு, உரக்க, "நிறுத்துங்க" என்றாள்.

நின்றுவிட்டது. கருவிகளின் சத்தம் நின்றது, பேச்சு நின்றது. திரைக்கு மேலே சர்ஜனின் தலை எட்டிப் பார்த்தது. இரண்டு கைகளும் காற்றில் இருந்தன.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டார் தலைமாட்டில் இருந்தவர்.

"இல்ல."

"அப்புறம்?"

"நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சர்ஜன் கைகளை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"சரி. இப்ப செய்யுங்க."